வொண்டர் எக் ப்ரையாரிட்டி: கோய்தோவுக்காக யார் பேசுவது?

"கடைசியில் கோட்டைவிட்டுவிட்டார்கள்." வொண்டர் எக் ப்ரையாரிட்டி என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால், பார்த்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 2021 ஜனவரியில் முதல் எபிசோடு வந்தபோது அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியவர்களும் இவர்கள்தாம். ஜூன் மாதம் முடிவு வந்ததும் தொப்பென்று கீழே போட்டுவிட்டார்கள். அந்த முடிவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அது மோசமான முடிவுதான், எப்படி மோசம் என்று விரிவாகவே சொல்லப்போகிறேன். ஆனாலும் தொடர் தோற்றுவிட்டது என்ற தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டுத்தான் இதைப் பேச முடியும். எனவே, இனிமேல் பார்க்கப்போகிறவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம். பள்ளிச் சிறுமிகளின் தற்கொலையையும், அவர்கள் மீதான பாலியல் வன்முறையையும் பற்றிய கதை இது. அந்தப் பேச்சே வேண்டாம் என்று இருப்பவர்களுக்கும் அதே வேண்டுகோள்.

கதை இதுதான். ஓதோ அய் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இரண்டு கண்களும் இரண்டு நிறம். அதனால் வகுப்பில் ஒதுக்கப்படுகிறாள். அவளுக்கு இருந்த ஒரே தோழி கோய்தோ பள்ளி மாடியிலிருந்து விழுந்து இறந்துபோகிறாள். அய் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டு அறைக்குள் முடங்குகிறாள். ஒரு நள்ளிரவில் வெளியே நடக்கும்போது, காசு போட்டுத் திருகினால் பொம்மை உருண்டை விழும் இயந்திரம் ஒன்று அவள் கண்ணில் படுகிறது. அதிலிருந்து விழுவது ஒரு முட்டை. அன்றிரவு கனவில் அந்த முட்டையை உடைத்தால் உள்ளேயிருந்து ஒரு சிறுமி வெளியே வருகிறாள். அவளும் தற்கொலை செய்துகொண்டவள். அவளைத் துரத்திக்கொண்டு வருகின்றன முகமற்ற சிறு உருவங்கள், கண்டும் காணாமல் இருந்தவர்கள் என்று பெயர் கொண்டவை. அவற்றுக்குப் பின்னால் அவளைச் சாவுக்குத் தள்ளிய ஆள், பூத வடிவத்தில். மணி அடிக்கும்வரை அந்தச் சிறுமியைக் காப்பாற்றினால், கல்லாகச் சமைந்து நிற்கும் கோய்தோ கொஞ்சம் கொஞ்சமாக உயிர்பெறுவாள் என்பது பேரம். பேரத்தை நடத்துகிறவர்கள், ஒரு தோட்டத்தில் உட்கார்ந்து பலகை விளையாட்டு ஆடிக்கொண்டிருக்கும் பொம்மைத்தலை மனிதர்கள் இருவர். இவர்களை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படுவார்கள்.

தயாரித்தது க்ளோவர்வொர்க்ஸ் ஸ்டூடியோ. இயக்குநர் ஷின் வாகாபயாஷிக்கு ஒரு தொடரை முழுதாக இயக்குவது இதுவே முதல்முறை. எழுதியவர் ஷின்ஜி நோஜிமா. 1990-களின் ஜப்பானியத் தொலைக்காட்சி நாடகங்களில் பெரிய பெயர். பள்ளிக்கூடம், வன்முறை, விலக்கப்பட்ட உறவுகள் என்று அன்றைக்கே வீடுகளுக்குள் சர்ச்சையைக் கொண்டுவந்தவர். அனிமேவுக்கு எழுதியது அதற்கு வெகுகாலம் கழித்து, இந்தத் தொடருக்காகத்தான். ஒளிபரப்பு தொடங்கிய நேரமும் சாதாரணமானதல்ல. அதற்கு முந்தைய ஆண்டான 2020-இல், பதினோரு ஆண்டுகளில் முதன்முறையாக ஜப்பானில் தற்கொலைகள் கூடியிருந்தன. ஆண்களின் எண்ணிக்கை சற்றுக் குறைந்திருக்க, கூடியது பெண்களின் எண்ணிக்கை.

முதல் ஏழு எபிசோடுகளைப் பற்றி நான் நிதானமாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் முடிவைத் திட்டும் அவசரத்தில் எல்லோரும் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தொடக்கப் பாடலிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஜப்பானியப் பள்ளிகளில் படிப்பு முடித்து விடைபெறும் விழாவில் மாணவர்கள் சேர்ந்து பாடும் பழைய பாடல் ஒன்றைத்தான் எடுத்திருக்கிறார்கள். நான்கு நாயகிகளுக்கும், அதாவது அய்க்கும் அவளைப் போலவே முட்டை உடைக்கும் மூன்று புதுத் தோழிகளுக்கும், குரல் கொடுத்த நடிகைகளே பாடியிருக்கிறார்கள். பள்ளிக்கே போகாத ஒரு பெண்ணின் கதைக்குப் பள்ளியிலிருந்து விடைபெறும் பாடல். விடைபெறும் வயதுவரை வந்து சேராத சிறுமிகளின் கதைக்கும் அதுவே பாடல். படம் இதைச் சுட்டிக்காட்டுவதே இல்லை. பாட்டைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது.

அய்யின் ஆயுதம் என்ன தெரியுமா? நான்கு நிறங்களில் எழுதும் பால்பாயிண்ட் பேனா. மேலே இருக்கும் குமிழை அழுத்தி நிறம் மாற்றுவோமே, அதுதான். கனவுக்குள் போனால் அது அவள் உயரத்துக்கு வளர்ந்து கதாயுதமாகிறது. சூரியகாந்திப் பூப் போட்ட மஞ்சள் ஸ்வெட்டரின் தொப்பிக்குள் தலையை இழுத்துக்கொண்டு, அந்தப் பேனாவை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே ஓடுவாள். அவளுடைய ஓட்டத்தில் வீரநடை எதுவும் கிடையாது. தோள் குறுகியிருக்கும், முழங்கால் தடுமாறும், விழுந்தால் உடனே எழமாட்டாள். ஓட்டப்பந்தயத்தில் எப்போதும் கடைசியாக வரும் பெண்ணின் உடல்மொழி அது. இதை ஒவ்வொரு சட்டகமாகக் கையால் வரைந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

இரண்டாவது எபிசோடில் முட்டையிலிருந்து வருபவள் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய ஒரு பெண். பயிற்சியாளர் தன்னை வதைத்ததைக்கூட, தன்னிடம் முயற்சி போதவில்லை, அதனால்தான் என்று சொல்கிறாள். செத்த பிறகும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. நான்காவது எபிசோடில் வரும் பெண்ணின் கதை இன்னும் மோசம். ரயிலில் தன்னைத் தொட்டவனைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள். அவன் அப்பாவின் நிறுவனத்தில் உயர்பதவியில் இருப்பவன் என்று பிறகு தெரியவருகிறது. அப்பாவுக்கு வேலை போகிறது. அம்மா கேட்கிறாள், கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று. அவ்வளவுதான் காட்சி. அழுகை இசை இல்லை, சுவரில் தலையை மோதிக்கொள்வது இல்லை. ஒரு சிறுமி தனக்கு நடந்ததைத் தன் வாயால், கிட்டத்தட்ட வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்லி முடிக்கிறாள்.

இந்த ஏழு எபிசோடுகளின் பலமே இதுதான் என்று நினைக்கிறேன். முட்டையிலிருந்து வரும் ஒவ்வொரு பெண்ணும் தன் கதையைத் தானே சொல்கிறாள். காவல்துறை அறிக்கையோ, பள்ளி நிர்வாகத்தின் விளக்கமோ, பெற்றோரின் புலம்பலோ குறுக்கே வருவதில்லை. பூதமும் சண்டையும் வண்ணமும் அந்தப் பேச்சைக் கேட்கச் செய்வதற்கான ஏற்பாடுகள்.

நாயகிகளுக்கும் இதே விதிதான். ரிக்கா முன்பு சிறு மேடைகளில் ஆடிப் பாடியவள். தன் ரசிகை ஒருத்தியைப் பற்றிச் சொல்லும்போது, அவள் எனக்கு ஒரு பர்ஸ் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அந்த ரசிகை ரிக்காவுக்குச் செலவழிப்பதற்காகவே திருடியவள். அது தெரிந்ததும் அவளை விலக்குவதற்காக ரிக்கா அவளுடைய பருமனைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இதைச் சொல்லும் ரிக்காவை நமக்குப் பிடிக்காமல் போகவேண்டும். பிடிக்காமல் போகவும் செய்கிறது, ஏழாவது எபிசோடு வரைக்கும். அந்த எபிசோடில் அவளுக்குப் பதினைந்து வயது ஆகிறது. அப்பா யார் என்று அன்றைக்குச் சொல்வதாக அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறாள். அம்மா குடிப்பவள், தன் தனிமையை மகள் மேல் கொட்டுபவள். வாக்குக் கொடுத்த நாளில் தீர்க்கமான பதில் எதுவும் வருவதில்லை. யாராகவும் இருக்கலாம் என்கிற சில புகைப்படங்கள், அவ்வளவே. மணிக்கட்டில் தழும்புகளுடன் இருக்கும் ரிக்கா அன்றிரவு கனவில் ஒரு சாமியார்க் கும்பலின் தலைவனை எதிர்கொள்கிறாள். செத்துப்போனால் வலி இல்லை என்று அவன் பேசுவது அவளுக்கு இதமாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் சண்டையையே விட்டுவிடுகிறாள். அவளைக் காப்பாற்ற வருவது தத்துவமோ தோழிகளோ அல்ல. அவள் வளர்க்கும் ஒரு சின்ன ஆமை.

மீண்டு வந்த ரிக்கா அம்மாவை மன்னிப்பதில்லை, விட்டுப் போவதும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் இந்த வீட்டிலேயே இருந்து பார்க்கிறேன் என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறாள். பதினைந்து வயதில் எட்டக்கூடிய சமாதானம் இந்த அளவுதான் இருக்கும். என்னைக் கேட்டால், இந்தத் தொடரின் உண்மையான கிளைமாக்ஸ் இங்கேயே நடந்து முடிந்துவிட்டது.

அடுத்த வாரம், 2021 மார்ச் 3 அன்று, எட்டாவது எபிசோடாக வந்தது பழைய காட்சிகளின் தொகுப்பு. அனிமே பார்த்துப் பழகியவர்களுக்கு இது எதற்கான அறிகுறி என்று தெரியும். ஜப்பானியத் தொலைக்காட்சியில் இப்படிப்பட்ட தொடர்களுக்கு மூன்று மாதம், ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் இடம் ஒதுக்கப்படும். வரைந்து முடிக்கவில்லை என்பதற்காக வாரம் தள்ளிப்போகாது. திரைப்படத்துக்கு இணையான நுணுக்கத்தில் வாரம் ஒரு எபிசோடு வரைவது என்று இறங்கிவிட்டார்கள், கைகள் போதவில்லை. தயாரிப்பு அட்டவணை நொறுங்கிக்கொண்டிருந்தது அப்போதே வெளியில் தெரிந்துவிட்டது. தொகுப்புக்குப் போன அந்த ஒரு வாரத்தால் கதைக்கு ஒரு எபிசோடு குறைந்தது. மார்ச் 31-இல் பன்னிரண்டாவது எபிசோடு வந்தும் கதை முடியவில்லை. ஜூன் 30-இல் சிறப்புப் பகுதி என்று ஒன்றைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் காத்திருந்து உட்கார்ந்தால், அதிலும் ஏறத்தாழ முதல் பாதி பழைய காட்சிகள்தான்!

ஆக, அவசரம் உண்மை. ஆனால் எல்லாப் பழியையும் அவசரத்தின் தலையில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவசரமாக முடிந்தும் நிமிர்ந்து நிற்கும் முடிவு ஒன்று அனிமே வரலாற்றிலேயே இருக்கிறது. 1996 மார்ச்சில் நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன் முடிந்தபோது கடைசி இரண்டு எபிசோடுகளுக்கு வரையக் காலமும் இல்லை, ஆளும் இல்லை. பென்சில் கோடுகள், அசையாத படங்கள், திரையில் வெறும் எழுத்துகள், காலி மேடையில் ஒரு நாற்காலி. உலகம் என்ன ஆனது என்பதைச் சொல்லவே இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள், அடுத்த ஆண்டு திரைப்படமாக வேறொரு முடிவு எடுக்கவேண்டி வந்தது. ஆனால் அந்த வெறும் மேடையிலும் கதாநாயகனான ஷின்ஜி என்ற பையனைத்தான் பேசவிட்டார்கள். நான் ஏன் என்னை வெறுக்கிறேன் என்ற, முதல் நாளிலிருந்து ஓடிவந்த கேள்வியை அவனே கேட்டு, அவனே தட்டுத்தடுமாறிப் பதில் தேடினான். இருந்த கொஞ்ச வசதியையும் சரியான இடத்தில் செலவழித்தார்கள்.

வொண்டர் எக் என்ன செய்தது? பதினொன்றாவது எபிசோடில் அந்தப் பொம்மைத்தலை மனிதர்களின் பழைய கதை திறக்கிறது. இருவரும் ஒரு காலத்தில் சாதாரண மனித உருவில் இருந்த ஆராய்ச்சியாளர்கள். பொழுதுபோகாமல், தங்கள் ரசனைக்கேற்ற ஒரு செயற்கை நுண்ணறிவுச் சிறுமியை உருவாக்குகிறார்கள். பெயர் ஃப்ரில். வயது பதினான்கு, எப்போதும் பதினான்கு. ஒருவருக்குத் திருமணமாகிறது. ஃப்ரில் பொறாமையில் அவருடைய மனைவியைக் கொல்கிறாள், அவளை அடித்து நிலவறையில் பூட்டுகிறார்கள். வருடங்கள் கழித்து அவருடைய மகளும் பதினான்கு வயதில் தற்கொலை செய்துகொள்கிறாள். அதற்கும் காரணம் ஃப்ரில்தான், சிறுமிகளைச் சாவுக்கு இழுப்பவளே அவள்தான் என்கிறது கதை.

முதல்முறை பார்த்தபோது எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. ஏனென்றால் நான்காவது எபிசோடில் இந்த மனிதர்களில் ஒருவர், ஆண்களின் தற்கொலைக்கு ஒரு நோக்கம் இருக்கும், பெண்களுடையது உணர்ச்சிவசப்பட்டது என்று உபதேசம் செய்திருந்தார். அப்போது பலர் முகம் சுளித்தார்கள். நானும்தான். இப்போது அதே மனிதர்கள், தங்கள் விருப்பத்துக்கு ஒரு பெண்குழந்தையைச் செய்து, அவள் தங்கள் விருப்பப்படி நடக்காதபோது நிலவறையில் அடைத்தவர்கள் என்று தெரிகிறது. பெண்களைப் பற்றிக் கோட்பாடு பேசுபவர்களைக் கூண்டில் ஏற்றப்போகிறார்கள் என்று நம்பினேன். எழுத்தாளர் கையில் அவ்வளவு அருமையான சரக்கு இருந்தது.

கூண்டில் ஏறியது ஃப்ரில். அவளுடைய கதை முழுவதையும் சொல்வது அவளை உருவாக்கிய இருவரில் ஒருவர். நமக்குக் காட்டப்படுவது அவர் நினைவில் இருக்கும் ஃப்ரில். முட்டையிலிருந்து வந்த பெண்களுக்கெல்லாம் கிடைத்த பேச்சுரிமை இவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

சிறப்புப் பகுதியில் கோய்தோவுக்கும் அதே கதி. அவள் ஏன் இறந்தாள் என்பதுதான் முதல் எபிசோடிலிருந்து அய்யைத் தின்றுகொண்டிருந்த கேள்வி. சவாக்கி என்ற ஆசிரியர் மேல் சந்தேகத்தின் நிழல் விழுந்தபடியே இருந்தது. கோய்தோவை ஓவியமாக வரைந்தவர், பிறகு அய்யின் அம்மாவோடு நெருங்கியவர். ஆறாவது எபிசோடின் முடிவில் அய் கொட்டும் மழையில் ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, நான் பள்ளிக்கு வருகிறேன் என்று கத்துகிறாள். அது காதலா, சவாலா, பயத்தை நேருக்கு நேர் பார்ப்பதா என்று படம் சொல்லவில்லை. அந்த மயக்கம்தான் அக்காட்சியின் அழகு. சிறப்புப் பகுதியில் எல்லாம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. ஆசிரியர் குற்றமற்றவர். கோய்தோதான் அவர் மேல் ஆசைப்பட்டாள், இணங்காததால் மிரட்டினாள், மாடியில் நடந்தது விபத்து. இதை நமக்குச் சொல்வது யார்? அந்த ஆசிரியரேதான். வேறோர் உலகத்து கோய்தோ உயிரோடு வந்து நிற்கிறாள், ஆனால் அவளுக்கு அய்யையே தெரியாது. இறந்துபோன கோய்தோவின் தரப்பைச் சொல்ல அவளால் முடியாது.

இதற்குக் கூடுதல் எபிசோடு கிடைத்திருந்தால் சரியாகியிருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். தோழிகளில் ஒருத்தியான நெய்ரு திடீரென்று செயற்கை நுண்ணறிவு என்று தெரியவருவதும், தோழிகள் நால்வரும் காரணம் சொல்லாமல் பிரிந்துபோவதும், கடைசியில் அய் மறுபடி கிளம்புவதோடு படம் நின்றுவிடுவதும் அவசரத்தின் விளைவுகள். இன்னும் நான்கு வாரம் கொடுத்திருந்தால் பதமாக வந்திருக்கலாம். கோய்தோ விஷயம் அப்படியல்ல. அது எழுதும் மேசையில் எடுத்த முடிவு. வரைபவர்கள் எத்தனை இரவு கண்விழித்தாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது.

பிறகு எப்படித் தொடர் வென்றது என்கிறேன்?

எனக்குக் கோபம் வந்தது, அதனால்தான். ஆசிரியர் தன் தரப்பைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனதில் ஓடியது நான்காவது எபிசோடின் அம்மா. கொஞ்சம் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று கேட்டவள். வளர்ந்தவர்கள் சொல்லும் கதையை அப்படியே நம்பாதே, செத்துப்போனவள் என்ன சொல்வாள் என்று கேள் என இந்தத் தொடர் வாரக்கணக்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அந்தப் பாடத்தை நான் ஒழுங்காகப் படித்திருந்தபடியால், அதே தொடர் கடைசியில் நீட்டிய விளக்கத்தை வாங்க மறுத்தேன். சிறப்புப் பகுதியைத் திட்டித் தீர்த்தவர்களில் பாதிப்பேர் கிராபிக்ஸைப் பற்றியோ விடுபட்ட முடிச்சுகளைப் பற்றியோ பேசவில்லை. கோய்தோவுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்றுதான் பேசினார்கள். முழுதாகச் சில நிமிடங்கள்கூடத் திரையில் வாழாத ஒரு பெண்ணுக்காக, அவளைப் படைத்தவர்களிடமே இத்தனை பேர் நியாயம் கேட்டார்கள் என்றால், முதல் ஏழு எபிசோடுகள் தம் வேலையைச் செய்துவிட்டன.

என் தங்கை இதை ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணா, சாப்பாட்டில் கடைசி உருண்டையில் கல் கடித்தாலும் கல் கடித்ததுதான்" என்கிறாள். அவள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. மர்மத்தை வைத்து இழுத்துக்கொண்டு போன கதை, மர்மம் அவிழும் இடத்தில் பொய்த்தால் முன்னால் பார்த்த காட்சிகளும் நிறம் மாறித்தான் தெரியும். கோய்தோவும் அய்யும் சேர்ந்து நடக்கும் பழைய காட்சிகளை இப்போது நான் கொஞ்சம் விலகியே பார்க்கிறேன். ஆனால் ஏழாவது எபிசோடின் ரிக்காவுக்கு எதுவும் ஆகவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்ணுக்கும், ரயில் பெண்ணுக்கும் எதுவும் ஆகவில்லை. அவர்களுடைய கதைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக முழுமை பெற்றவை, ஃப்ரில்லின் கை அங்கே எட்டவில்லை. ஒரு சிறுகதைத் தொகுப்பின் கடைசிக் கதை மோசம் என்பதற்காக நாம் தொகுப்பையே எடைக்குப் போடுவதில்லையே.

தயாரிப்பாளர் ஷோதா உமேஹாரா அடுத்த ஆண்டே போச்சி த ராக் தொடரைத் தயாரித்தார். அறைக்குள் ஒடுங்கிக்கிடக்கும் இன்னொரு பெண்ணின் கதைதான், ஆனால் சிரிக்கச் சிரிக்க. அது கடைசி வாரம்வரை ஒரே சீராக ஓடி முடிந்தது. எல்லோருக்கும் பிடித்தது, எனக்கும்தான். இருந்தாலும் இரண்டில் எதைப் பற்றி உட்கார்ந்து இவ்வளவு நீளம் எழுதத் தோன்றுகிறது என்று பாருங்கள்.

புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் முதல் ஏழு எபிசோடுகளையும் ஒரே மூச்சில் பார்க்காமல் நாளுக்கு ஒன்றாகப் பாருங்கள். எட்டாவது தேவையில்லை. ஒன்பதும் பத்தும் கனமானவை. பத்தாவதில் ஒரு செல்லப்பிராணிக்கு நேரும் கொடுமை பலருக்குத் தாங்காது. பதினொன்றையும் பன்னிரண்டையும் பார்த்துவிட்டு ஒரு வாரம் ஆறப்போடலாம். சிறப்புப் பகுதியைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள் முதல் பாதியைத் தாராளமாக ஓட்டிவிடலாம். இரண்டாம் பாதியில் ஆசிரியர் பேசத் தொடங்கும்போது, அவர் பேச்சில் எதை நம்புவது என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.